ஆகாயத்தில் ஒரு பகாசுரன்!

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உண்டென்று நிரூபிப்பது எப்படி? காற்று கண்ணுக்குத் தெரிகிறதா? மரக்கிளை ஆடுவதைக் கொண்டுதானே தெரிந்துகொள்கிறோம்! இதே யுக்தியால் நமது பால்வீதி மண்டலத்தின் நடுவே பதுங்கியிருக்கும் பகாசுரனைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவர், ஆண்ட்ரியா கெஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி.

அந்தப் பகாசுரனுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'கருந்துளை'. அதனுள் விழுந்த வெளிச்சம்கூட வெளியே மீளாது. பிறகு எப்படிப் பார்ப்பது?

1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது ஆண்ட்ரியா நான்கு வயதுச் சிறுமி. தானும் சந்திரனுக்குப் போகவேண்டுமென்று ஆசைப்பட்டாள். போகவில்லை, ஆனால் வளர்ந்தபின் அவரது பார்வை 26,000 ஒளியாண்டுத் தொலைவுக்குப் போயிற்று!

ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியில், 36 துண்டுகளால் ஆன பத்து மீட்டர் கண்ணாடியுடன் கெக் டெலஸ்கோப் இருக்கிறது. அதைக் கொண்டு பார்க்க அனுமதி கேட்டார். முதல் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அவர் சளைக்கவில்லை, மறுபடியும் கேட்டார். 1995-ல் வேலை தொடங்கியது.

இடையே உள்ள தூசிப் படலத்தை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளியில், வருஷா வருஷம் அதே நட்சத்திரங்களைப் படம் பிடித்தார். அவற்றில் ஒன்று, வெற்றிடம் போல் தோன்றிய ஓரிடத்தை 16 வருஷத்துக்கொரு முறை சுற்றி வந்தது. மிக நெருங்கும்போது வேகம் விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல்! கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூடப் பிடியும் இறுக வேண்டும். கணக்குப் போட்டதில், இந்த நட்சத்திரத்தைப் பிடித்திருக்கும் 'கை'யின் எடை சுமார் 40 லட்சம் சூரியன்கள்!

ஜெர்மானியரான ரைன்ஹார்ட் கென்ஸல் குழுவினரும் சிலி நாட்டிலிருந்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். 2020-ல் பௌதிக நோபல் பரிசில் பாதியை இருவரும் பகிர்ந்துகொள்ள, மறுபாதி ரோஜர் பென்ரோஸுக்குக் கிடைத்தது. 1903-ல் மேரி கியூரி பெற்ற அந்தப் பரிசைப் பெற்ற நான்காவது பெண்மணி ஆண்ட்ரியா.

"ஐயோ, நம்மையும் விழுங்கிவிடுமா?" பயம் வேண்டாம். மிக அருகில் அகப்பட்டதைத்தான் அது விழுங்கும். மற்றவை, சூரியனைப் பூமி சுற்றுவது போல், பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆடி மாத இரவில் ஒன்பது மணிக்குமேல் மாடிக்குப் போனால், தெற்கே தனுர் ராசிப் பக்கம் பாருங்கள். அங்கேதான் இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லையா? அதுதான் சரி!