கூண்டுக் குருவியும் காட்டுக் குருவியும்

சிட்டுக்குருவியினும் சிறிய சிவப்புச் சில்லைக்கு விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் 'அமண்டவா' என்பதாகும். இஃது ஆமதாபாத் என்னும் நகரின் பெயர் திரிந்து உண்டானது. அந்நகரிலிருந்தே இப்பறவைகள் முன்னாளில் கூண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சென்றன. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் அப்பெயரை விஞ்ஞான நூலில் நிலைபெறச் செய்தார். இவ்வாறு, இப்பறவையின் பெயரிலேயே அதன் வாணிக வரலாறு அடங்கியுள்ளது.

சில்லைகள் புல் விதைகளை உண்டு கூட்டங்கூட்டமாக வாழ்பவை. இவ்வியல்பே அவற்றுக்குப் பகையாகின்றது. கூண்டிலடைத்த பார்வைப் பறவையின் குரலைக் கேட்டு இறங்கும் கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் வலையில் அகப்படுகின்றது. பிடிபட்டவற்றுட் பல நெரிசலாலும் நீரின்மையாலும் வழியிலேயே மடிகின்றன. ஆதலின், சந்தையில் நாம் காணும் பறவைகளின் தொகையைக் காட்டிலும் காடு இழந்த தொகை பெரிதாகும்.

இவ்விழப்பை எல்லா இனங்களும் ஒரே அளவில் தாங்குவதில்லை. சிவப்புச் சில்லை ஆசியாவிற் பல நாடுகளிற் பரவியுள்ளது. பச்சைச் சில்லையோ இந்தியாவுக்கே உரியது. இராஜஸ்தானத்து அபு மலை முதலிய சில இடங்களில் மட்டும் சிதறி வாழ்வது. ஓரிடத்துக் கூட்டம் பிடிபட்டுப் போயின், அவ்விடத்தை மீண்டும் நிரப்ப அருகில் வேறு கூட்டம் இராது. இன்று இது அழிவை நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது.

கிளிகளின் நிலை வேறு. பெரிய பச்சைக்கிளி மரப்பொந்துகளிற் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளை எடுப்போர் பொந்தின் வாயை வெட்டிப் பெரிதாக்கினால், மறு ஆண்டுக்கும் அப்பொந்து பயன்படாது. முதிர்ந்த கிளிகள் நெடுங்காலம் வாழ்வன. ஆகவே அவை வானிற் பறப்பதைக் கண்டு குறைவொன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம். அவற்றுக்குப்பின் வர இளங்கிளிகள் இல்லை என்பது காலங்கடந்தே புலப்படும்.

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஏறக்குறைய எல்லா இந்தியக் காட்டுப் பறவைகளையும் பிடிப்பதும் விற்பதும் குற்றமாயின. எனினும் நகரச் சந்தைகளில் மறைவான விற்பனை ஓயவில்லை. எளிய சில்லைகளுக்குச் சாயம் பூசி, அரிய பறவைகளென விற்பதும் உண்டு.

இரக்கத்தால் விலைக்கு வாங்கி வானில் விடுவோரும் உளர். அவர் தரும் பணம் அடுத்த வலைக்கு முதலாகின்றது. சிறகு வெட்டப்பட்ட பறவையோ, தன் வாழிடத்துக்குப் புறம்பான ஊரில் விடப்பட்ட பறவையோ பிழைத்தல் அரிது. ஆகவே, விற்பனையைக் காண்போர் வனத்துறைக்கு அறிவித்தலே தக்கது. வாங்குவார் இல்லையெனில் வலை விரிப்பாரும் இரார்.