லேப்டாப்பில் பேசும் ஆப், சர்வரில் ஏன் வாய் திறப்பதில்லை?

இரவு 11 மணி. "பணம் எடுத்துட்டாங்க, டிக்கெட் வரலை" என்று ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. அந்த ஆப்பை எழுதிய இளைஞர் உடனே தன் லேப்டாப்பில் அதையே ஓட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியாக நடக்கிறது. ஒவ்வொரு படியும் திரையில் வரி வரியாக ஓடுகிறது. சர்வரில் என்ன ஆனது என்று திறந்து பார்த்தால், அங்கே ஒரு வரிகூட இல்லை. "என் மெஷின்ல ஓடுதே சார்!" என்பதைத் தவிர மேலாளரிடம் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நிரலில் பிழை வருவது சகஜம். அந்தப் பிழை எங்கே என்று காட்டும் பதிவே இல்லாமல் போனால்தான் திண்டாட்டம். அந்தப் பதிவுக்குப் பெயர்தான் 'லாக்'. அதை லேப்டாப்பில் ஒரு மாதிரியும் சர்வரில் வேறு மாதிரியும் ஏன் அமைக்க வேண்டும், எப்படி அமைக்க வேண்டும்?

வாட்ச்மேன் நோட்டு

அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்த வீட்டுக்கு என்று அதில் எழுதுவார். ஆப் எழுதும் லாக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு முக்கியத்துவ நிலை உண்டு.

பைத்தான் மொழியில் 5 நிலைகள்: டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல். நுணுக்கமான விவரங்களுக்கு டீபக், வழக்கமான நடவடிக்கைக்கு இன்ஃபோ, ஏதோ சரியில்லை என்றால் வார்னிங், ஒரு வேலை தோற்றுவிட்டால் எரர், ஆப்பே தொடர்ந்து ஓட முடியாத நிலை என்றால் கிரிட்டிக்கல். இந்த வழக்கம் பழையது. 1980களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எரிக் ஆல்மன் உருவாக்கிய 'சிஸ்லாக்' முறையில் 8 நிலைகள் இருக்கின்றன.

எந்த நிலையைத் தேர்வு செய்கிறோமோ, அதுவும் அதற்கு மேலே உள்ளவையும் மட்டுமே பதிவாகும். வார்னிங் என்று வைத்தால் இன்ஃபோவும் டீபக்கும் காணாமல் போய்விடும்.

சர்வர் மௌனமாவது எப்படி?

பல நேரங்களில் யாரும் தவறு செய்வதில்லை. யாரும் எதையும் செய்யாமல் விட்டதுதான் காரணம். பைத்தானில் நீங்கள் நிலையைக் குறிப்பிடாவிட்டால், அது வார்னிங் என்று எடுத்துக்கொள்ளும். "பணம் பெறப்பட்டது", "டிக்கெட் கேட்கப்பட்டது" என்று நீங்கள் இன்ஃபோவில் எழுதிய வரிகள் எங்கேயும் வராது.

ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதில் 'டீபக்' என்ற பெயரிலேயே ஒரு செட்டிங் உண்டு. லேப்டாப்பில் அது ஆன் ஆகியிருக்கும்; ஜாங்கோவின் செய்திகள் டெர்மினலில் கொட்டும். சர்வரில் அதை ஆஃப் செய்தாக வேண்டும். ஆஃப் செய்த நொடியிலிருந்து, ஜாங்கோவின் இயல்பான அமைப்பு எரர் நிலைச் செய்திகளை மட்டும் எடுத்து, நிர்வாகிகளின் பட்டியலில் உள்ளவர்களுக்கு மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். அந்தப் பட்டியல் ஆரம்பத்தில் காலியாக இருக்கும். யாரும் நிரப்பாவிட்டால் செய்தி யாருக்கும் போய்ச் சேராது.

"அப்போ சர்வர்லயும் டீபக்கை ஆன் பண்ணிடலாமே?" என்று தோன்றும். கூடவே கூடாது. பிழை வரும்போது நிரலின் பகுதிகளையும் உள்விவரங்களையும் பிரவுசரிலேயே காட்டிவிடும் செட்டிங் அது. உங்களுக்குத் தெரிவது ஊருக்கே தெரியும்.

நிரல் ஒன்று, அமைப்பு வேறு

தீர்வின் அடிப்படை எளிது. என்ன நடந்தது என்று எழுதுவது மட்டும் நிரலின் வேலை. எந்த நிலை வரை எழுதுவது, எங்கே அனுப்புவது, எந்த வடிவத்தில் என்பதையெல்லாம் வெளியிலிருந்து முடிவு செய்ய வேண்டும். இதற்கு என்விரான்மென்ட் வேரியபிள் போதும். லேப்டாப்பில் டீபக் என்றும் சர்வரில் இன்ஃபோ என்றும் வைத்தால், நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பைத்தானில் 'டிக்ட்கான்ஃபிக்' என்ற வசதி, ஸ்பிரிங் பூட்டில் 'புரொஃபைல்' என்ற வசதி இதற்காகவே இருக்கின்றன.

ஹெரோகு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தொகுத்த 'ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்' என்ற வழிகாட்டி இன்னொரு படி மேலே போகிறது. ஆப் தானாக லாக் ஃபைலைத் திறந்து நிர்வகிக்கவே வேண்டாம். எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதினால் போதும் என்கிறது அது. லேப்டாப்பில் அது டெர்மினலில் தெரியும். சர்வரில் அதைச் சேகரித்து வைப்பது பிளாட்ஃபார்மின் பொறுப்பு.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். டெவலப்மென்ட்டில் டீபக் நிலை, மனிதர் படிக்க வசதியான வண்ண எழுத்துகள். புரொடக்‌ஷனில் இன்ஃபோ நிலை, மென்பொருள் தேடுவதற்கு வசதியான ஜேசான் வரிகள். நடுவில் உள்ள ஸ்டேஜிங்? அது அப்படியே புரொடக்‌ஷனைப் போல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் லாக் அமைப்பு முதன்முதலாகச் சோதிக்கப்படும் இடம் வாடிக்கையாளர் இருக்கும் சர்வராகத்தான் இருக்கும்.

நேரமும் ஓர் அடையாள எண்ணும்

சர்வரில் ஒரே நொடியில் பல பேர் டிக்கெட் எடுப்பார்கள். எல்லோருடைய வரிகளும் கலந்து கிடக்கும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, பணம் வாங்கும் பகுதியிலிருந்து டிக்கெட் தரும் பகுதி வரை எல்லா வரிகளிலும் அதைப் பதிய வேண்டும். பிறகு அந்த எண்ணைத் தேடினால் ஒருவருடைய கதை மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

நேரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதைவிட 5.30 மணி நேரம் முன்னால். இரவு 11 மணிப் புகாரை லாக்கில் 17.30-ல் தேட வேண்டும். எந்த நேரம் என்பதை வரியிலேயே குறிப்பிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

அதிகம் எழுதினாலும் ஆபத்து

"எதுக்கு வம்பு, எல்லாத்தையும் எழுதி வச்சிடலாம்" என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, இடம். டாக்கரின் இயல்பான லாக் முறை, நீங்கள் சொல்லாத வரை ஃபைலின் அளவுக்கு எந்த வரம்பும் வைப்பதில்லை. டீபக் வரிகள் இரவு பகலாகக் கொட்டினால் ஒரு நாள் டிஸ்க் நிரம்பும். அதே டிஸ்க்கில் டேட்டாபேஸும் இருந்தால், அதுவும் சேர்ந்து படுத்துவிடும். எனவே, ஃபைலின் அதிகபட்ச அளவையும் எண்ணிக்கையையும் முதல் நாளே குறிப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ரகசியம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. பாஸ்வேர்டை யாரும் படிக்க முடியாதபடி மாற்றித்தான் அந்த நிறுவனம் சேமித்துவந்தது. ஆனால், அந்த மாற்றம் முடிவதற்கு முன்பே ஒரு பிழையால் பாஸ்வேர்டுகள் அப்படியே உள் லாக்கில் பதிவாகிவிட்டன. யாரும் திருடியதற்கான அறிகுறி இல்லை என்று ட்விட்டர் சொன்னது. பயனாளர்களின் பாஸ்வேர்டுகளைப் படிக்கும் வடிவத்தில் உள் அமைப்புகளில் வைத்திருந்ததாக 2019-ல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதற்காக அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், சிறிய டீமில் நடப்பதற்கு ஒரு வரி போதும். ஏதோ ஒரு பிழையைத் தேட, வந்த கோரிக்கையை முழுசாக லாக்கில் எழுதச் சொல்லியிருப்போம். வேலை முடிந்ததும் எடுக்க மறந்திருப்போம். பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண், கார்டு எண் எல்லாம் அந்த வரியில் ஏறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். உத்தரவில் பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இன்னொரு பக்கம், 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. லாக்கை அழிக்கவும் முடியாது, அதில் கண்டதையும் போட்டு வைக்கவும் முடியாது. எதை எழுதுவது என்பதை முதலிலேயே யோசிப்பது தவிர வேறு வழியில்லை.

அடுத்த ரிலீஸுக்கு முன்பு

* லாக் நிலையை நிரலிலிருந்து எடுத்து என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்.
* பாஸ்வேர்டு, ஓடிபி, டோக்கன் போன்றவற்றை மறைக்கும் ஃபில்டர் சேருங்கள்.
* ஃபைல் அளவுக்கு வரம்பும், பழைய லாக்குகளை வைத்திருக்கும் காலமும் குறியுங்கள்.
* சிக்கல் வந்தால், குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு மட்டும் கொஞ்ச நேரம் டீபக் நிலையைத் திறந்து, மறக்காமல் மூடுங்கள்.
* ஸ்டேஜிங்கில் வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்குங்கள். அது லாக்கில் வருகிறதா, உரியவருக்குத் தகவல் போகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் சொன்ன சோதனைக்கு 10 நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்திருந்தால் அந்த இளைஞர் இரவு 11 மணிக்கு அடையாள எண்ணைத் தேடி, பணம் வந்த பிறகு டிக்கெட் கோரிக்கை எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்திருப்பார். வாடிக்கையாளருக்கும் "உங்க பணம் பத்திரமா இருக்கு, இன்ன காரணத்தால டிக்கெட் வரலை" என்று ஒரு பதில் கிடைத்திருக்கும்.