மாணாக்கர் திறந்த வாயில்

சட்டக் கல்வியை நாடி நிற்கும் நம் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, பல்கலைக்கழகங்களிலே சட்ட மாணவருக்கு மனித உரிமை ஆராய்ச்சிப் பயிற்சி கொடுக்கிறார்களாமே, படித்து முடியாதவர்கள் அங்கே என்ன செய்வது? பெரியவர்களுக்குப் புத்தகம் தூக்குவதுதானே?" என்றான். வினா நேர்மையானது. அவனுக்கு விடையாக நாம் கூறிய வரலாற்றையே இங்கு வாசகர்க்கும் கூறக் கருதினோம்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே யேல் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் சட்டக் கல்லூரியில் அலார்ட் லோவன்ஸ்டீன் என்பாரின் பெயரால் மனித உரிமைப் பயிற்சிப் பிரிவொன்று இயங்கி வருகின்றது. அவர் அக்கல்லூரியின் பழைய மாணவர். ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணைக்குழுவிலே தம் நாட்டின் சார்பில் அமர்ந்தவர். 1980ஆம் ஆண்டிற் சுட்டுக் கொல்லப்பட்டவர். அப்பிரிவிற் பயில்வோர், ஆசிரியரின் மேற்பார்வையிலே, உண்மையான வழக்குகளுக்குச் சான்று தேடுகின்றனர். சட்டங்களை ஆராய்தல், துன்புற்றோரின் வாக்குமூலங்களைப் பதிதல், அவற்றைப் பிற சான்றுகளோடு ஒப்புநோக்குதல், அறிக்கை வரைதல் என்பன அவர்தம் பணிகளாம். கோடை விடுமுறையில் வேறிடங்களிலுள்ள மனித உரிமை நிறுவனங்களுக்குச் சென்று பயில்வோர்க்கு அக்கல்லூரியில் உதவிப்பணமும் உண்டு.

நிற்க. கரிபியன் கடல் நாடாகிய ஹெயிட்டியின் மக்கள் 1990 டிசெம்பரில் அரிஸ்ரீட் என்னும் பாதிரியாரைத் தம் சனாதிபதியாகத் தெரிந்தனர். 1991 செப்ரெம்பர் 30ஆந் திகதி இராணுவம் அவரைக் கவிழ்த்தது. அவரை ஆதரித்தோர் வேட்டையாடப்பட்டனர். உயிர் தப்பினாற் போதுமென மக்கள் சிறு படகுகளில் ஏறிக் கடலிற் புறப்பட்டனர். ஆறு திங்களுள் 34,000க்கு மேற்பட்டோரை அமெரிக்கக் கரையோரக் காவற்படை நடுக்கடலில் மறித்தது. கியூபாத் தீவிலே அமெரிக்கா வைத்திருக்கும் குவாந்தானாமோ கடற்படைத் தளத்தில் அவருட் பலர் கூடாரங்களில் இருத்தப்பட்டு விசாரிக்கப்பட்டனர்.

நாடு திரும்பின் துன்புறுத்தப்படுவர் என்னும் அச்சம் நம்பத்தக்கதெனக் காணப்பட்டோர் அடைக்கலங் கோருவதற்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால், அவ்வாறு காணப்பட்டவருள்ளும் எச்.ஐ.வி. கிருமி தொற்றியோர் மாத்திரம் தடுத்து வைக்கப்பட்டனர். அக்கிருமியுடைய அந்நியர் உட்புகுதலை அந்நாட்டுச் சட்டம் அக்காலத்தில் விலக்கியிருந்தது. 2010ஆம் ஆண்டிலேதான் அத்தடை நீங்கிற்று. நோயாளரும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் முட்கம்பி வேலிக்குள் அடைபட்டனர். நோயாளரை இரண்டாம் முறையும் விசாரிப்பதென்றும், அவ்விசாரணையில் வழக்கறிஞர் துணை இல்லையென்றும் அதிகாரிகள் தீர்மானித்தனர்.

இச்செய்தி யேல் மாணவரை எட்டியது. அவர்களின் பேராசிரியர் ஹரோல்ட் கோ என்பார், அமெரிக்காவில் அடைக்கலம் பெற்ற கொரியக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். அவரும், மைக்கேல் ராட்னர் என்னும் வழக்கறிஞரும், மாணவரும் ஒன்றுகூடினர். 1992 மார்ச் மாதத்திலே, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. எதிர்த்தரப்பிலே நின்றது அமெரிக்க அரசாங்கம். இப்பக்கத்திலே ஆராய்ச்சிப் பாரத்திற் பெரும்பகுதியைத் தாங்கியோர் இன்னும் பட்டம் பெறாத மாணாக்கர்.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலே, 1992 மே 24ஆந் திகதி மூத்த ஜோர்ஜ் புஷ் புதிய கட்டளையொன்று பிறப்பித்தார். கடலில் மறிக்கப்படுவோரை யாதொரு விசாரணையுமின்றி ஹெயிட்டிக்கே கொண்டுபோய் விடலாம் என்பது அதன் சாரம். அதன்பின் வழக்கு இரு கிளையாயிற்று: ஒன்று கடலில் மறிக்கப்பட்டோர் பற்றியது, மற்றையது முகாமில் அடைபட்டோர் பற்றியது.

முதற் கிளை ஒரு சொல்லின் பொருளைப் பற்றி நின்றது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்து 33ஆம் உறுப்புரை, ஓர் அகதியை அவருயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பியனுப்புதல் ஆகாது என்கிறது. 'திருப்பியனுப்புதல்' எனின், எல்லைக்குள் வந்தவரை அனுப்புவது மாத்திரமா? நடுக்கடலில் மறித்து அனுப்புவதும் அதனுள் அடங்குமா? ஒரு சொல்லுக்காக உரையாசிரியர்கள் ஏடேடாக வாதிட்ட மரபிலே வந்த நமக்கு இத்தகைய ஆராய்ச்சியின் அருமை எளிதில் விளங்கும். மாணவர் பழைய ஆவணங்களைத் துருவினர். 1980இல் அமெரிக்க அகதிச் சட்டம் திருத்தப்பட்டபோது, 'ஐக்கிய அமெரிக்காவுக்குள்' என்னும் தொடர் நீக்கப்பட்டது அவர்தரப்பு வாதத்துக்கு ஆதாரமாயிற்று.

இரண்டாங் கிளைக்கு வேண்டியது வேறு வகை உழைப்பு. முகாமிலிருந்தோர் பேசியது கிறியோல் மொழி. மொழிபெயர்ப்பாளர் துணையுடன் ஒவ்வொருவர் கதையும் கேட்கப்பட்டுச் சத்தியக் கடதாசியாக எழுதப்படல் வேண்டும். எந்நாள், எவ்விடம், யார் கண்டது என்பவற்றுள் ஒன்று பிழைப்பினும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முழுவதையும் பொய்யென்பர். கேட்பவர் கண்ணீர் விடலாம். எழுதும் கை தடுமாறலாகாது. 1993 சனவரியில் முகாமிலிருந்தோர் உண்ணாநோன்பு தொடங்கினர். நோய் முற்றியோரைச் சிகிச்சைக்காக வேறிடம் கொண்டுசெல்ல இராணுவ வைத்தியரே கேட்டும் குடிவரவு அதிகாரிகள் இணங்கவில்லை என்பது வழக்கில் வெளிப்பட்டது.

முடிவு யாது? 1993 ஜூன் 8ஆந் திகதி நீதிபதி ஸ்ரேர்லிங் ஜோன்சன், முகாமிலிருந்தோரை விடுவிக்குமாறு தீர்ப்பளித்தார். வாயில் திறந்தது, அவர்கள் அமெரிக்க மண்ணில் இறங்கினர். பதின்மூன்று நாட்களின் பின், ஜூன் 21ஆந் திகதி, அமெரிக்க உயர் நீதிமன்றம் மற்றைக் கிளையில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கமே தீர்த்தது. அச்சமவாயம் நடுக்கடலில் நடப்பதைக் கட்டுப்படுத்தாது என்றனர். நீதியரசர் பிளக்மன் ஒருவரே மாறுபட்டு எழுதினார். வென்ற தீர்ப்புங்கூட, 1994இல் இருதரப்பு உடன்பாட்டின்படி ஏட்டிலிருந்து நீக்கப்பட்டமையாற் பின்வந்த வழக்குகளுக்கு முன்மாதிரியாக நிற்கவில்லை. ஆயின், விடுதலை பெற்றோரின் விடுதலையை எவரும் நீக்கவில்லை.

இவ்வரலாற்றிலே மாணவர்க்கு நாம் காணும் பாடம் இதுவாகும். இரக்கம் நல்லது, ஆனால் நீதிமன்றத்திலே இரக்கம் சான்றாகாது. பிறர் துன்பத்தைத் திகதியோடும், இடத்தோடும், ஐயத்துக்கிடமின்றி எழுதிவைக்கும் பொறுமையே துன்புற்றோர்க்குப் பயன்படுவது. மேலும், பெரிய வழக்கிலே தோற்கலாம் என்பதை அறிந்தும் அதற்காக உழைக்கும் மனவுறுதி வேண்டும். இவ்விரண்டையும் பரீட்சைத் தாள் கற்பிக்க மாட்டாது. பயிற்சி கற்பிக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. இத்தகைய பயிற்சியாற் பணம் வருமோ என்று கேட்பது இயல்பே. பெரும்பாலும் மிகுதியாக வராது. ஆயினும் பிற்காலத்தில் எத்துறையிற் புகுந்தாலும், உண்மையைத் தேடி நிறுவத் தெரிந்தவனைத் தொழில் கைவிடுவதில்லை.

நம் மாணவன் இவற்றைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். பின், "அப்படியென்றால் நான் இப்போது என்ன செய்ய வேண்டும், ஐயா?" என்றான். "தம்பி, நீ சொன்னது சரி, புத்தகந் தூக்குவதுதான் வேலை. தூக்குகிற புத்தகத்தைத் திறந்து ஒழுங்காக வாசிக்கப் பழகு. தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் பிழையற எழுதக் கற்றுக்கொள். ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது இடைமறியாது கேட்கப் பழகு. மற்றவை பின்னே வரும்" என்றோம்.