செய்மதி வாங்கியும் கமக்காரரும்: கருவியிற் காணப்படும் சொற்களின் பொருள்

நிலத்தின் சரியான பரப்புத் தெரியாதவிடத்து, இடவேண்டிய பசளையின் அளவோ தெளிக்கவேண்டிய களைகொல்லியின் அளவோ தெரியவராது. முன்னாளிற் கமக்காரர் கயிறும் சங்கிலியும் கொண்டு வயலை அளந்தனர். இந்நாளிற் செய்மதி வாங்கியைக் கையிலேந்தி வரம்பின் வழியே ஒரு சுற்று நடந்தால், பரப்பு எவ்வளவெனக் கருவியே கூறிவிடுகின்றது. கைத்தொலைபேசிகளிலும் இவ்வாங்கி அடங்கியுள்ளது. ஆயினும், கருவி காட்டும் சொற்களின் பொருளை அறியாது எண்ணை மட்டும் நம்புவோர் நட்டமடைதல் கூடும். அச்சொற்களுள் முக்கியமானவை இங்கு விளக்கப்படுகின்றன.

கருவி தொழிற்படும் விதம்

ஜீ.பீ.எஸ். எனப்படும் அமெரிக்கச் செய்மதிகள் புவிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றன. உருசியா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் இத்தகைய செய்மதிகளை ஏவியுள்ளன. ஒவ்வொரு செய்மதியும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைமூலம் ஓயாது அறிவிக்கின்றது. அலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு வாங்கி தூரத்தைக் கணிக்கின்றது. அலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர் செல்வதால், செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைக்கும். வாங்கியின் மணிக்கூடு அத்துணை நுட்பமானதன்று. ஆதலால், இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், மணிக்கூட்டின் பிழையை நீக்க நான்காவது ஒன்றும் வேண்டும்.

சொற்களும் பொருளும்

1. பிக்ஸ்: கருவி தன் இடத்தைக் கண்டுகொண்டது என்பது பொருள். "3டி பிக்ஸ்" எனக் காட்டினால் நான்கு செய்மதிகளேனும் கிடைத்துள்ளன. அதற்கு முன் அளத்தல் ஆகாது. நெடுநாள் அணைத்து வைத்த கருவிக்குச் செய்மதிகளின் பாதை விபரங்களைப் புதிதாகப் பெறச் சில நிமிடங்கள் செல்லும். அதுவரை வெளியான இடத்தில் அசையாது நிற்றல் நன்று.

2. அக்கியுரசி: பிழையின் மதிப்பீடு. "3 மீற்றர்" என்றால் உண்மையான இடம் பெரும்பாலும் 3 மீற்றர் வட்டத்துள் இருக்கும். இது உறுதிமொழியன்று, சிலவேளை அவ்வட்டத்திற்கு வெளியேயும் இருக்கும்.

3. டி.ஓ.பி.: வானிற் செய்மதிகள் பரந்துள்ள விதத்தைக் குறிக்கும் எண். அவை நாற்புறமும் பரந்திருந்தால் எண் சிறிதாகும். ஒரு பக்கத்தே கூடியிருந்தாற் பெரிதாகும். 2இற்குக் குறைந்தால் நன்று. 5இற்கு மேற்பட்டாற் சற்றுநேரம் பொறுத்து அளத்தல் வேண்டும்.

4. மல்ற்றிபாத்: அலை சுவரிலோ தகரக் கூரையிலோ பட்டுத் தெறித்துச் சுற்றுவழியாக வந்துசேர்தல். இதனால் தூரம் கூடுதலாகக் கணிக்கப்படும். அடர்ந்த மரங்களின் கீழ் அலை வலுவிழப்பதும் உண்டு. ஆதலின் வீட்டோரத்திலும் தோப்பினுள்ளும் எடுத்த அளவை முற்றாக நம்பலாகாது.

5. அகலக்கோடு, நெடுங்கோடு: இலங்கையில் அகலக்கோடு 5 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையிலும், நெடுங்கோடு 79 பாகைக்கும் 82 பாகைக்கும் இடையிலும் அமையும். ஒரு பாகைக்கு 60 கலைகள். ஆகவே 9 பாகை 30 கலை என்பது தசமத்தில் 9.5 ஆகும், 9.30 அன்று. இதனை மாற்றி எழுதினால் இடம் ஏறக்குறைய 22 கிலோமீற்றர் விலகும்.

6. டேற்றம்: எந்தப் புவிவடிவத்தை ஆதாரமாகக் கொண்டு எண்கள் கணிக்கப்பட்டன என்பதைக் குறிக்கும் சொல். செய்மதிக் கருவிகள் டபிள்யூ.ஜீ.எஸ். 84 என்பதைக் கையாளுகின்றன. இலங்கையின் பழைய படங்கள் கந்தவளை டேற்றத்தில் ஆனவை. ஒன்றின் எண்களை மற்றதில் அப்படியே குறித்தால் இடம் நூறு மீற்றருக்கு மேல் மாறிப்போகும்.

7. உயரம்: கணிதமுறையில் வகுக்கப்பட்ட புவிவடிவத்தை விட இலங்கையைச் சூழ்ந்த கடல்மட்டம் ஏறத்தாழ 100 மீற்றர் தாழ்ந்துள்ளது. ஆதலால், திருத்தம் செய்யாத கருவி கடற்கரையில் நிற்பவரையும் ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில் நிற்பவராகக் காட்டும். மேலும், உயரத்தின் பிழை இடத்தின் பிழையிலும் பெரிது. வயலை மட்டப்படுத்தற்குச் சாதாரண வாங்கி உதவாது. கட்டிய நீரே நல்ல மட்டம்.

சிறு நிலத்திற் பெரும் பிழை

பிழை மீற்றரளவிற் பெரிதும் மாறாதிருக்கும், நிலமோ சிறியதாகலாம். இதனைக் கமக்காரர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பக்கம் 64 மீற்றரான சதுரவயல் ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒவ்வொரு பக்கமும் 3 மீற்றர் கூடுதலாகப் பதிவானாற் பரப்பு 10 வீதம் மிகும். பக்கம் 32 மீற்றரான கால் ஏக்கரில் அதே பிழை 20 வீதமாகும். பக்கம் 16 மீற்றரான தோட்டத்துண்டில், அதாவது வடபகுதிக் கணக்கில் ஒரு பரப்பில், அது 41 வீதமாகும்.

பரப்பு மிகுத்துக் காட்டப்பட்டால், களைகொல்லி அளவு மிஞ்சிப் பயிர் கருகும். யூரியா மிகுந்து நெற்பயிர் சாயும், கபிலத்தத்தியின் தாக்கமும் பெருகும். பரப்புக் குறைத்துக் காட்டப்பட்டால், மருந்து போதாது களை எஞ்சும். ஆதலால், அரை ஏக்கருக்கு மேற்பட்ட வயலைக் கருவியால் இருமுறை சுற்றி அளந்து, இரு விடைகளும் ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் தகும். அதனிற் சிறிய துண்டுகளையும் மரக்கறிப் பாத்திகளையும் அளக்க நாடாவே ஏற்றது.

எல்லை பற்றிய எச்சரிக்கை

ஒரு வரம்பின் அகலம் கருவியின் பிழையிலும் சிறியது. கைத்தொலைபேசி காட்டிய புள்ளியை நம்பி அயலவரின் வரம்பை வெட்டுதல் பகைக்கும் வழக்கிற்கும் வழிகோலும். நில அளவையாளர் கையாளும் வாங்கியும் செய்மதியின் அலையையே பெறுகின்றது; ஆயினும் இடம் நன்கறியப்பட்ட மற்றொரு நிலையத்திலிருந்து திருத்தம் பெறுவதால், அது சில சதமமீற்றர் நுட்பத்துடன் அளக்கின்றது. எல்லைப் பிணக்கை அத்தகைய அளவையாலும் உறுதியிலுள்ள படத்தாலுமே தீர்த்தல் வேண்டும்.

கருவி நல்ல துணைவன். ஆயின் அது எண்ணைக் கூறும்போது பிழையையும் உடன் கூறுகின்றது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும் கமக்காரருக்கே அதனாற் பயனுண்டு. ஐயமேற்படின் பசளையை அளக்குமுன் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்து ஆலோசித்தல் நன்று.