பந்தியின் பின்கட்டு: ரிசார்ட் எப்படி இயங்குகிறது?

முகூர்த்த நாளில் நெல்லிக்குப்பத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் பின்கட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு கடற்கரை ரிசார்ட் எப்படி நடக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். வாசலில் சந்தனமும் கற்கண்டும் பன்னீரும் நம்மை வரவேற்கின்றன. பின்னால் கோட்டை அடுப்பில் அண்டா கொதிக்கிறது, நள்ளிரவிலிருந்து காய் நறுக்கிய பெண்கள் சுவரோரம் சாய்ந்திருக்கிறார்கள். இலையில் அமர்ந்தவர் பார்ப்பது பரிமாறுபவரை மட்டும்தான். ஆனால் சாப்பாடு நன்றாக இருந்ததா இல்லையா என்பது அவர் வாளியைத் தூக்குவதற்குப் பல மணி நேரம் முன்பே முடிவாகிவிட்ட காரியம்.

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தும், பாரி சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற நெல்லிக்குப்பத்திலிருந்தும் குடும்பத்தோடு மலேசியா போய்வருவது இப்போது முன்னைப்போலக் கடினமில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் அங்கே தங்கலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. பினாங்கிலிருந்து லங்காவி மிக அருகில். போய்வந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். இரண்டு பேர் தங்கியதும் ஒரே ரிசார்ட்டாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை ராசி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அதற்குப் பின்கட்டில் காரணம் இருக்கிறது.

பலரும் கோபப்படும் இடத்திலிருந்து தொடங்கலாம். பகல் 12 மணிக்குக் காலி செய்யச் சொல்கிறார்கள், 3 மணிக்குத்தான் அறை தருகிறார்கள், நடுவில் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடுகிறார்களே என்பது பொதுவான புகார். முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்காரும் இடைவெளிதான் இது. எச்சில் இலை எடுக்க வேண்டும், மேசை துடைக்க வேண்டும், புது இலை போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். நூறு அறை உள்ள ரிசார்ட்டில் ஒருநாள் அறுபது அறை காலியாகி, அறுபதுக்கும் அன்றே புது ஆள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தங்கிப் போன அறையை முழுதாகச் சுத்தம் செய்ய 30 முதல் 45 நிமிடம் ஆகும். சராசரி 35 என்று போட்டாலே 2,100 நிமிடம், அதாவது 35 மணி நேர வேலை. அதை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கப் பன்னிரண்டு பேர் ஒரு நிமிடமும் உட்காராமல் ஓட வேண்டும். இதுபோக, போகாமல் தங்கியிருப்பவர்களின் அறைகள் வேறு. கடற்கரை ரிசார்ட்டில் மணல் இன்னொரு தலைவலி. கட்டிலடியிலும் குளியலறை வடிகாலிலும் அது புகுந்துகொள்ளும்.

அறையைத் துடைத்து முடித்ததும் அது தயார் ஆகிவிடாது. மேற்பார்வையாளர் வந்து பார்த்துச் சரி என்று பதிந்த பிறகே வரவேற்பு மேசைக் கணினியில் அந்த எண் விடுபடும். கல்யாணச் சமையலிலும் சாம்பார் கொதித்துவிட்டது என்பதால் மட்டும் மாஸ்டர் அண்டாவை வெளியே அனுப்புவதில்லை. ஒரு கரண்டி கையில் ஊற்றி உப்புப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறார். காலை 11 மணிக்கே போய் அறை கேட்டு நச்சரிப்பவருக்குச் சில சமயம் இந்த உப்புப் பார்க்காத அறைதான் கிடைக்கும். தலைமுடி கிடந்தது, துண்டு ஈரமாக இருந்தது என்ற புகார்களில் எத்தனையோ அவசரத்தில் பிறந்தவை. பெட்டியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நீச்சல்குளத்துக்குப் போய்விடுவது நல்லது. அதற்கு அநேகமாக எல்லா ரிசார்ட்டிலும் அனுமதி உண்டு.

துணிக் கணக்கும் இதோடு சேர்ந்தது. கட்டில் ஒன்றுக்கு விரிப்பு குறைந்தது மூன்று செட் வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். தொடர்ந்து மழை பெய்து சலவை தாமதமானால் நான்காவது செட் வைத்திருக்கும் ரிசார்ட் தப்பிக்கும், இல்லாதது தடுமாறும். விருந்தினருக்குத் தெரிவதெல்லாம் துண்டு கேட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்பதுதான்.

அடுத்தது எத்தனை இலை என்ற கேள்வி. அறுநூறு பத்திரிகை கொடுத்த வீட்டில் அறுநூறு பேர் வருவதில்லை என்பது சமையல் மாஸ்டருக்குத் தெரியும். ஊர், நாள், முகூர்த்த நேரம் எல்லாம் பார்த்து அவர் ஒரு எண் சொல்வார். ரிசார்ட்டும் அப்படித்தான். கடைசி நேரத்தில் ரத்து செய்பவர்கள், சொல்லாமலே வராதவர்கள் எத்தனை பேர் என்று பழைய கணக்கைப் பார்த்து, இருக்கும் அறைகளைவிடச் சில முன்பதிவுகள் கூடுதலாக ஏற்கும். கணிப்பு தவறி எல்லோரும் வந்துவிட்டால் ஒருவரை வேறு ஹோட்டலுக்கு அனுப்பியாக வேண்டும். அந்த இரவுச் செலவை அனுப்பும் ஹோட்டல் ஏற்பதே தொழில் வழக்கம். ஆனால் யாரை அனுப்புவார்கள்? பெரும்பாலும் ஓர் இரவுக்கு மட்டும் பதிவு செய்தவரை, இடைத்தரகர் தளம் வழியாக மலிவாக எடுத்தவரை, இரவு வெகுநேரம் கழித்து வருபவரை. இரவு விமானத்தில் போய் இறங்கும் நம் ஆட்களில் பலர் இந்த மூன்றுக்கும் பொருந்துகிறவர்கள். எத்தனை மணிக்கு வருவோம் என்று முதல் நாளே ரிசார்ட்டுக்கு நேரடியாக எழுதிவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

மிஞ்சிய சோற்றைப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்கலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. முக்கியமாக இந்தக் காரணத்தால்தான் ஒரே அறைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை. 1980களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் வளர்த்தெடுத்த இந்த முறையை ஹோட்டல்கள் எடுத்துக்கொண்டன. பருவகாலமும் விலையை மாற்றும். லங்காவி அந்தமான் கடல் பக்கம் இருக்கிறது. அங்கே கனமழை செப்டம்பர், அக்டோபரில். கடலூர் மாவட்டம் வடகிழக்குப் பருவமழையில் நனையும் டிசம்பரில் அங்கே வெயில் சீசன் களைகட்டும், விலையும் ஏறும்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசிய ரிசார்ட் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். வழக்கமான சேவைக் கட்டணம் 10 சதவீதம், சேவை வரி 2024 மார்ச் முதல் 8 சதவீதம். 500 ரிங்கிட் அறை ஏறக்குறைய 590 ஆகும். அதன்மேல் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, 2017 முதல்.

இந்த 10 சதவீதம் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலேசியாவில் பல ஹோட்டல்களில் அது ஊழியர்களிடையே புள்ளிக் கணக்கில் பங்கிடப்படுகிறது. கட்டில் விரிப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் அதில் பங்கு உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, அந்தக் கூலியை எட்டுவதற்கு இந்தப் பணத்தையே சம்பளக் கணக்கில் சேர்த்துவிட முதலாளிகள் சிலர் முனைந்தார்கள். ஹோட்டல் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. அப்படிச் சேர்க்கக்கூடாது என்று 2021இல் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் நிலைமை வேறு: சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்ற 2022ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே மகாபலிபுரத்து ரிசார்ட்டில் கேள்வி கேட்கும் நாம் லங்காவியிலும் அதே கோபத்தோடு கேட்டால், பின்கட்டில் நிற்பவரின் பங்கை வெட்டச் சொல்கிறோம் என்று ஆகிவிடும்.

இனி ஏசி. பால்கனிக் கதவைத் திறந்தால் ஏசி தானாக நின்றுவிடுகிறது, கஞ்சத்தனம் என்று பலர் எண்ணுகிறார்கள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த அறைக்குள் அது நுழைந்ததும் கண்ணாடியிலும் சுவரிலும் நீராய்ப் படியும், நாலைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும், அடுத்து வருபவர் மூக்கைப் பொத்துவார். கதவில் இருக்கும் சிறு சென்சார் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதோடு அறையையும் காக்கிறது. ஈரத்தோடு மல்லுக்கட்டாமல் காற்றை வழிவிட்டு ஆள வேண்டும் என்று ஆசியாவின் இந்தக் கடற்கரைகளுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. 1969இல் முடிந்த அவருடைய பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் முற்றமும் திறந்த தாழ்வாரமும் பின்னால் வந்த எத்தனையோ ரிசார்ட்டுகளுக்கு வழிகாட்டின. லங்காவியில் கட்டடக் கலைஞர் கெர்ரி ஹில் வடிவமைத்து 1993இல் திறந்த தத்தாய் ரிசார்ட் காட்டுக்குள் ஒளிந்து நிற்கிறது. 2001இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அங்கே தவளைச் சத்தமும் ஓணானும் வருகின்றன என்று புகார் எழுதுவது நியாயமில்லை. காட்டுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலேசிய சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது வழக்கமாக இருக்கும். கங்குங் கீரையை வதக்கும்போதும் அதைப் போடுவார்கள். நாசி லெமாக் தட்டில் நெத்திலி வரும். காலை பஃபேயில் பாத்திரத்தின் முன் நின்றுகொண்டு இதில் மீன் இருக்கிறதா என்று கேட்டால் பரிமாறுபவரால் என்ன செய்ய முடியும்? கல்யாண வீட்டிலும் வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார் வேண்டுமென்றால் தாளிப்பதற்கு முன்பே மாஸ்டர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். தாளித்த பிறகு பிரிக்க வழியில்லை. முட்டையும் மீனும் இறால் விழுதும் வேண்டாம் என்று முதல் நாள் மாலையே சமையலறைக்குச் சொல்லிவிடுங்கள். மலேசியாவில் தமிழ் பேசும் ஊழியர் அகப்படுவதும் அரிதல்ல.

பந்தியில் ஒருவர் கரண்டி பிடிக்காமல் வரிசையாக நடந்து, ரசம் வந்ததா, அப்பளம் போதுமா என்று விசாரித்துக்கொண்டே போவார். ரிசார்ட்டில் அந்த வேலை டியூட்டி மேனேஜருடையது. குழாய் ஒழுகுகிறது, பக்கத்து அறையில் இரைச்சல், எதுவானாலும் அன்றைக்கே அவரிடம் போக வேண்டும். அறையை மாற்றவும் ஒரு வேளைச் சாப்பாட்டுத் தொகையைக் கழிக்கவும் அவருக்குப் பொதுவாக அதிகாரம் உண்டு. ஊருக்குத் திரும்பி நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதும் புகாருக்கு மன்னிப்புக் கடிதம்தான் மிஞ்சும். நன்றாக இருந்ததென்றால் அறையைச் சுத்தம் செய்தவரின் பெயரைக் கேட்டு, கிளம்பும் முன் கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரோடு எழுதுங்கள். பெயர் போட்ட குறிப்புகளைக் காலைக் கூட்டத்தில் வாசித்துச் சொல்வது பல ஹோட்டல்களில் வழக்கம்.