மனக்கணக்கையும் அன்றாடம் முடிப்போம்

வீட்டுக்கடன் வாங்கி ஆறு மாதமாகிறது. தவணை தவறவில்லை. ஆயினும் நள்ளிரவில் விழிப்பு வருகிறது. ‘ஏன் இவ்வளவு பெரிய தொகையை வாங்கினோம்? நாம் ஏன் எப்போதும் அவசரப்படுகிறோம்?’ என்று மனம் தன்னையே குறுக்குவிசாரணை செய்கிறது. பெங்களூரு போன்ற பெருநகரில் வாழும் நம்மில் பலருக்கு இவ்விரவுகள் புதியவை அல்ல.

பழையவற்றை நினைத்துப் பார்ப்பதைத் தமிழில் அசைபோடுதல் என்கிறோம். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். மனம் கவலையை அசைபோட்டால் கவலையே பெருகும். இதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா ஆராய்ந்தார். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவை நிலநடுக்கம் தாக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்னரே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையை அவர் பதிவு செய்திருந்தார். தம் சோர்வையே திரும்பத் திரும்ப எண்ணும் வழக்கமுடையோரிடம், நிலநடுக்கத்திற்கு ஏழு வாரங்களுக்குப் பின்னரும் மனச்சோர்வு மிகுந்திருந்தது.

அப்படியாயின் சிந்திப்பதே தவறா? இல்லை. கேள்வியின் வடிவமே வேறுபாட்டை உண்டாக்குகிறது. ‘நான் ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு முடிவில்லை. ‘மீதமுள்ள அசல் எவ்வளவு? வட்டி விகிதம் என்ன? நாளை கிளையில் எதைக் கேட்க வேண்டும்?’ என்ற கேள்விகளுக்கு விடை உண்டு. விடை கிடைத்ததும் அவை ஓய்ந்துவிடும்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது மற்றொரு வழி. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983இல் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரைமணி நேரம் கவலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பிற வேளைகளில் தோன்றும் கவலையை அந்த அரைமணிக்கு ஒத்திவைக்க வேண்டும். ஒரு தாளில் குறித்து வைத்தால் ஒத்திவைப்பது எளிதாகும். வங்கியில் அன்றைய கணக்கை அன்றே சரிபார்த்து முடிப்பதைப் போன்றதே இது. உறங்கும் வேளைக்கு முன்பாகவே இதனை முடித்துக்கொள்வது நலம்.

இவற்றாலும் அடங்காத சிந்தனை உண்டு. உறக்கம், உணவு, பணி ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டால் உதவி நாடுவதே முறை. அதற்கான தேசிய அமைப்பின் தலைமை மையம் பெங்களூரிலேயே உள்ளது. மாநில மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் இணைந்து, 1974இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனமே அது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையை இந்நிறுவனம் வழிநடத்துகிறது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பெரும் நோய் வந்த பின்னரே அழைக்க வேண்டும் என்பதில்லை. உறக்கம் வராத இரவு ஒன்றே போதிய காரணம்.