ஓவியத்தை உடையாகத் தைத்தவர்கள்

1965 இலையுதிர்காலத் தொகுப்பு இன்றும் பேசப்படுவது ஏன்?

வெள்ளைக் கம்பளித் துணி. அதில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் ஓடும் கறுப்புப் பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். கை கிடையாது, காலர் கிடையாது, இடுப்பைப் பிடிக்கும் இறுக்கமும் கிடையாது. பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வரைந்துவிடும் போலிருக்கும் இந்த கவுனை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் பொக்கிஷமாகக் காத்து வருகின்றன.

பாரிஸைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் 1965இல் வெளியிட்ட இலையுதிர்கால-குளிர்காலத் தொகுப்பில் வந்த உடை அது. டச்சு ஓவியர் பியெட் மோந்திரியானின் ஓவியங்களைத் தழுவியது. இன்று எந்த ஃபேஷன் நிறுவனம் புதிய தொகுப்பை வெளியிட்டாலும், ஏதோ ஓர் ஓவியமோ ஊரோ பூவோ அதற்கு உந்துதலாக இருந்தது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ‘உந்துதல்’ என்ற அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் இருக்க முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள இந்தத் தொகுப்பைவிட நல்ல பாடம் இல்லை.

கோடையில் ஏன் குளிர்கால உடை?

ஐரோப்பிய ஃபேஷன் உலகுக்கு ஆண்டில் இரண்டு பெரிய பருவங்கள்: வசந்தம்-கோடை ஒன்று, இலையுதிர்காலம்-குளிர்காலம் மற்றொன்று. ஒவ்வொன்றையும் பருவம் தொடங்கும் முன்பே காட்டிவிட வேண்டும். வாடிக்கையாளரின் அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்தர உடைகளை பாரிஸில் கோடையிலேயே காட்டினால்தான், ஆர்டர் வாங்கி, தைத்து, குளிர் தொடங்கும்போது கொடுக்க முடியும். பத்திரிகைகளின் செப்டம்பர் இதழ்களும் இந்தக் கணக்கில்தான் தயாராகின்றன. 1965 செப்டம்பரில் பிரெஞ்சு ‘வோக்’ இதழின் அட்டையில் மோந்திரியான் உடை வந்தது. படம் எடுத்தவர் டேவிட் பெய்லி.

இலையுதிர்காலத் தொகுப்பு என்றாலே கம்பளி, கனமான துணி, கோட்டு என்று கைகள் போகும். துணியின் கனமே அந்தத் தொகுப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கும். மோந்திரியான் உடையிலும் அதுதான் நடந்தது.

அம்மா கொடுத்த புத்தகம்

சான் லோரான் பிறந்தது அல்ஜீரியாவின் ஓரான் நகரில், 1936இல். 1957இல் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் திடீரென்று இறந்தபோது, அவருடைய பெரிய நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பு, அங்கே வேலை பார்த்துவந்த, 21 வயதே ஆன சான் லோரான் தலையில் விழுந்தது. 1960இல் ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார். டியோர் நிறுவனத்தில் அவருடைய இடம் பறிபோனது. தோழர் பியர் பெர்ஜேயுடன் சேர்ந்து 1961இல் சொந்த நிறுவனம் தொடங்கி, 1962 ஜனவரி 29 அன்று முதல் தொகுப்பைக் காட்டினார்.

1965இல் அவருக்குப் போட்டி கடுமையாக இருந்தது. ஆந்த்ரே கூரேஜ் என்ற வடிவமைப்பாளர் விண்வெளி யுகத்துக்கு ஏற்ற வெள்ளை உடைகள், குட்டைப் பாவாடைகள், நேர்வெட்டுகள் என்று பாரிஸைக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் தாய் லூசியென் பரிசளித்த புத்தகம் ஒன்று சான் லோரானுக்கு வழிகாட்டியது. அது மோந்திரியானின் வாழ்க்கையையும் ஓவியங்களையும் பற்றி மிஷேல் செஃபோர் எழுதிய நூல்.

தொகுப்பு முழுவதும் மோந்திரியான் சாயல் அல்ல. ஓவியர் செர்ஜ் பொல்யாகோஃப்பின் வண்ணத் திட்டுகளைப் போற்றும் உடைகளும் அதில் இருந்தன. ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது ‘மோந்திரியான் தொகுப்பு’ என்ற பெயர்தான்.

கட்டங்களுக்குப் பின்னால் அடையாறு

மோந்திரியான் (1872–1944) தொடக்கத்தில் மரங்களையும் காற்றாலைகளையும் கடற்கரை மணல்மேடுகளையும் வரைந்தவர். படிப்படியாக எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்து, 1920களில் நேர்க்கோடுகளும் மூன்று அடிப்படை வண்ணங்களும் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டும் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. 1909இல் அவர் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்ட அதே சபைதான். அன்னி பெசன்ட் அதன் தலைவராக இருந்த காலம் அது. கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்கு அடியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்ற அந்தச் சபையின் சிந்தனை அவரை ஆழமாகப் பாதித்தது. நிமிர்ந்த கோடும் கிடந்த கோடும் எதிரெதிர் ஆற்றல்கள், அவை சமன்படும் இடமே அழகு என்று அவர் நம்பினார். ஓவியத்தோழர் தியோ வான் டோஸ்பர்க் சாய்ந்த கோடுகளைக் கொண்டுவந்தது இருவருக்கும் இடையிலான பிளவுக்கு ஒரு காரணம் ஆகும் அளவுக்கு அந்த நம்பிக்கை உறுதியாக இருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பாரிஸில் வாழ்ந்தும், அந்நகரம் அவரைக் கொண்டாடவில்லை. பிரெஞ்சு அரசு அருங்காட்சியகம் ஒன்றுக்கு முதல் மோந்திரியான் ஓவியம் வந்தது 1975இல்தான். ஓவியம் அருங்காட்சியகத்துக்கு வரும் முன்பே உடையாகத் தெருவுக்கு வந்துவிட்டது.

தட்டையான ஓவியம், வளைந்த உடல்

இனிதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஓவியம் தட்டையானது, உடல் அப்படியல்ல. துணியில் கட்டங்களை அச்சடித்துத் தைத்தால், மார்பும் இடுப்பும் வளையும் இடங்களில் கோடுகளும் வளைந்து, ஓவியத்தின் நேர்த்தி கலைந்துவிடும். அந்த வளைவுகளுக்காக நம் ஊர்த் தையல்காரர் ரவிக்கையில் துணியை உள்ளே மடித்துப் பிடிப்பது போலப் பிடித்தாலும், அந்த மடிப்பு கட்டத்தின் நடுவே சாய்ந்த கோடாகத் தெரியும். மோந்திரியான் ஓவியத்தில் சாய்ந்த கோட்டுக்கு இடமே இல்லை.

சான் லோரானின் தையற்கூடம் இதற்கு ஓர் அழகான வழி கண்டது. ஒவ்வொரு வண்ணக் கட்டமும் தனித்துணி. கறுப்புப் பட்டைகளும் தனித்துணிதான். அத்தனையையும் தனித்தனியாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தார்கள். உடலின் வளைவுக்குத் தேவையான ஏற்ற இறக்கம் அனைத்தையும் இந்த இணைப்புத் தையல்களுக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். வெளியே பார்ப்பவருக்கு நேர்க்கோடு மட்டும். உள்ளே அளவெடுத்த வளைவு. பின்னல் வகையைச் சேர்ந்த கனமான கம்பளி ஜெர்சி துணி சுருங்காமல் நேராகத் தொங்கி, ஓவியத்தின் தட்டையான தோற்றத்தைக் காப்பாற்றியது.

காலுக்கு ரோஜே விவியே வடிவமைத்த, சதுர பக்கிள் வைத்த கறுப்புக் காலணி. இரண்டு ஆண்டுகள் கழித்து ‘பெல் து ஜூர்’ படத்தில் கேத்ரீன் தெனூவ் அணிந்து அதை உலகப் புகழ் பெறச் செய்தார்.

நகல்களின் வெள்ளம்

உடை வெளியான வேகத்தில் நகல்களும் வந்தன. மலிவான துணிகளில் அதே கட்டங்கள் கடைகளில் குவிந்தன. உயர்தரத் தையலுக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். அந்தத் தோற்றத்தை விரும்பியவர்களோ ஏராளம். 1966 செப்டம்பரில் சான் லோரான் பாரிஸின் தூர்னோன் தெருவில் ‘ரிவ் கோஷ்’ என்ற ஆயத்த ஆடைக் கடையைத் திறந்தார். அளவெடுத்துத் தைக்க வசதியில்லாத பெண்களுக்கும் அவர் பெயரிலேயே உடை கிடைக்க வழி பிறந்தது.

மோந்திரியானோடு அவர் உறவு அத்துடன் முடியவில்லை. பிற்காலத்தில் அவரும் பெர்ஜேயும் மோந்திரியானின் அசல் ஓவியங்களை வாங்கிச் சேர்த்தார்கள். சான் லோரான் மறைந்த மறு ஆண்டு, 2009 பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் அவற்றுள் ஒன்று 2 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது. 2022இல் பாரிஸின் பொம்பிடூ மையம் மோந்திரியான் உடையை ஓவியத்தின் பக்கத்திலேயே வைத்துக் காட்டியது.

எதை வைத்து மதிப்பிடுவது?

அடுத்த முறை ஒரு நிறுவனம் தன் இலையுதிர்காலத் தொகுப்புக்கு இன்னது உந்துதல் என்று அறிவிக்கும்போது, இரண்டு கேள்விகள் கேட்கலாம். முதலாவது: எடுத்ததை என்ன செய்தார்கள்? ஒரு வடிவத்தைத் தூக்கித் துணியில் ஒட்டுவதற்குக் கற்பனையும் வேண்டாம், கைத்திறனும் வேண்டாம். அந்த வடிவத்தின் விதியை மீறாமல் அதை உடலுக்குப் பொருத்த எத்தனை வெட்டு, எத்தனை தையல் என்று யோசிப்பவர்களே உண்மையில் உந்துதல் பெற்றவர்கள். இரண்டாவது: யாரிடமிருந்து எடுத்தோம் என்று பெயர் சொன்னார்களா? 1965 தொகுப்பு, இறந்து 21 ஆண்டுகள் ஆன ஓர் ஓவியரின் பெயரைத் தன் பெயராகவே சுமந்தது. அதனால் ஓவியரும் வளர்ந்தார், உடையும் வளர்ந்தது.

பெயரில்லாத நெசவாளர், பூவேலைக்காரர், சாயக்காரர் ஆகியோரிடமிருந்து எடுக்கும்போது இந்த இரண்டாம் கேள்வி இன்னும் முக்கியமாகிறது. புகழ்பெற்ற ஓவியருக்குக் கொடுக்கும் மரியாதை அவர்களுக்கும் சேர வேண்டும். வாங்கும் நாம் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.